விளையாட்டாய் வந்த வியட்நாம்

குழந்தைகளின் விளையாட்டை அற்பமென்று ஒதுக்கிவிடுவது பெரியோர் வழக்கம். ஆயின் ஒரு சமுதாயம் தன் பிள்ளைகளின் கையில் எதை விளையாடக் கொடுக்கிறது என்று உற்று நோக்கினால், அச்சமுதாயம் யாரைக் கண்டு அஞ்சுகிறது, யாரை வீரன் என்று போற்றுகிறது, யாருடைய மரணத்தைப் பொருட்படுத்தாது விடுகிறது என்பனவெல்லாம் புலப்பட்டுவிடும். சதுரங்கத்தையே எடுத்துக்கொள்வோம். அதன் பெயரே நால்வகைப் படையைக் குறிப்பது. அரசன் ஒருவன், காலாட்கள் எண்மர். முதலில் வெட்டுப்படுவோர் பெரும்பாலும் காலாட்களே. அரசனோ வெட்டுப்படுவதே இல்லை. அவன் தப்ப வழியின்றி நின்ற கணத்தில் ஆட்டம் முடிந்துவிடுகிறது. போரை விளையாட்டாக்கியவன் எந்த மாளிகையின் மாடத்திலிருந்து அதைப் பார்த்தான் என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

சென்ற நூற்றாண்டின் இறுதியில் சதுரங்கப் பலகையின் இடத்தைத் தொலைக்காட்சித் திரை பிடித்துக்கொண்டது. மரக்காய்களுக்குப் பதிலாக ஒளிப்புள்ளிகளால் ஆன மனித உருவங்கள் ஓடின, குதித்தன, சுட்டன, செத்தன. திரைப்படங்களில் பொருளீட்டிய போர்க் கதைகள் அவ்வாறே விளையாட்டாகவும் உருமாறி உலகச் சந்தைக்கு வந்தன. அவற்றுள் ஒன்றைப் பற்றியே இங்கு எழுத விழைகின்றேன். அது என் பத்தாம் வயதில், ஊவா மலைகளின் நடுவே, ஹாலிஎலவுக்கு அருகிலுள்ள ஒரு தோட்டத்து லயக் காம்பராவில் என் கைக்கு வந்தது. அதன் பெயர் ‘பிளட்டூன்’.

விளையாட்டுக்கு மூலமான திரைப்படத்தை நான் பல்கலைக்கழகத்தில் தமிழ் பயின்ற நாட்களில்தான் பார்த்தேன். 1986இன் இறுதியில் வெளியான அப்படத்தை இயக்கியவர் ஆலிவர் ஸ்டோன். அவர் யேல் பல்கலைக்கழகப் படிப்பை இடையில் விட்டு, தாமே முன்வந்து படையிற் சேர்ந்து, 1967இலும் 1968இலும் வியட்நாமில் போர்வீரராக இருந்து, இருமுறை காயமுற்றவர். 1976இல் எழுதப்பெற்ற அந்தத் திரைக்கதை படமாவதற்குப் பத்தாண்டுகள் காத்துக் கிடந்தது. படத்தில் ஒரே படைக்குழுவில் இரண்டு சார்ஜண்டுகள் உள்ளனர். ஒருவன் பார்ன்ஸ், கொலையில் ஊறிய கல்நெஞ்சன். மற்றவன் இலையஸ், போரின் நடுவிலும் மனிதனாக நிற்க முயல்பவன். ஓர் ஊருக்குள் படை நுழைகிறது. ஊரார் துன்புறுத்தப்படுகின்றனர், சிலர் கொல்லப்படுகின்றனர், குடிசைகள் எரிகின்றன. தடுக்க வந்த இலையஸைப் பின்னர்க் காட்டினுள் பார்ன்ஸே சுட்டுவிடுகிறான். இறுதியில் இளைஞன் டெய்லர் பார்ன்ஸைக் கொல்கிறான். தாம் வெளியே தேடிய பகைவன் தமக்குள்ளேயே இருந்தான் என்னும் உணர்வோடு படம் முடிகிறது. 1987இல் சிறந்த படத்துக்கான ஆஸ்கார் விருது உட்பட நான்கு விருதுகளை அது பெற்றது.

இப்படத்துக்கு உதவ அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களம் மறுத்துவிட்டது. படப்பிடிப்பு பிலிப்பைன்ஸில் நிகழ்ந்தது. அதே 1986இல் வெளிவந்த ‘டொப் கன்’ என்னும் போர் விமானிகளின் கதைக்கோ அமெரிக்கக் கடற்படை தன் கப்பல்களையும் விமானங்களையும் தாராளமாக வழங்கியது. போரைப் புகழ்ந்த படத்துக்குக் கப்பல். போரைப் பழித்த படத்துக்குக் கதவடைப்பு! ஆயினும் விளையாட்டுச் சந்தையில் இவ்வேற்றுமை மறைந்துபோயிற்று. ஜப்பானின் கொனாமி நிறுவனம் 1987இல் ‘டொப் கன்’னை விளையாட்டாக்கியது. அதே ஆண்டு இங்கிலாந்தின் மன்செஸ்டரைச் சேர்ந்த ஓஷன் நிறுவனம் ‘பிளட்டூ’னை வீட்டுக் கணினிகளுக்கான விளையாட்டாக்கியது, 1988இல் சன்சாஃப்ட் என்னும் ஜப்பானிய நிறுவனம் அதை நிண்டெண்டோ இயந்திரத்துக்கு மாற்றியமைத்தது. போரைப் போற்றிய கதையும் தூற்றிய கதையும் ஒரே கடையின் ஒரே தட்டில், ஒரே விலைக்கு அடுக்கப்பட்டன. சந்தைக்கு இரண்டும் சரக்கே அன்றோ?

அது எங்கள் லயத்துக்கு வந்த வழியைக் கூறவேண்டும். அம்மாவின் தம்பியான என் மாமா கொழும்பு புறக்கோட்டையில் ஒரு கடையில் வேலைக்கு நின்றார். மலையகத்து இளைஞர் பலர்க்கும் அந்நாளில் அதுவே கதி. தோட்டத்துப் பிரட்டுக்குப் போக விருப்பமில்லை, வேறு தொழிலுக்கு வழியுமில்லை. 1999ஆம் ஆண்டுத் தீபாவளிக்கு வந்தபோது ஒரு ‘டி.வி. கேம்’ கொண்டுவந்தார். நிண்டெண்டோ நிறுவனம் 1983இல் ஜப்பானில் வெளியிட்ட இயந்திரத்தின் மலிவான நகல் அது. அதன் தலையில் மஞ்சள் நிறக் ‘கேசட்’டைச் செருகவேண்டும், படம் தெரியாவிட்டால் கழற்றி வாயால் ஊதி மீண்டும் செருகவேண்டும். எங்கள் லயத்தில் தொலைக்காட்சி இருந்த காம்பராக்கள் இரண்டே. அவற்றுள் ஒன்றான பெரியப்பா வீட்டில் லயத்துப் பிள்ளைகள் அனைவரும் கூடிவிட்டோம்.

விளையாட்டு காட்டில் தொடங்கும். கண்ணிகளையும் மறைந்திருந்து பாய்வோரையும் தாண்டிச் சென்று வெடிமருந்தைக் கண்டெடுத்துப் பாலமொன்றைத் தகர்க்கவேண்டும். பின்னர் ஓர் ஊர். அங்கே குடிசைகளில் தேடிக் கைவிளக்கையும் வரைபடத்தையும் எடுத்து, நிலவறைக் கதவைக் கண்டுபிடித்து, சுரங்கத்துள் இறங்கவேண்டும். சுரங்கம் முடிந்தால் இருளில் பதுங்குகுழி. வெளிச்சக் குண்டெறிந்து வருவோரைச் சுடவேண்டும். இறுதியாக, நேபாம் குண்டு விழுமுன் இரண்டு நிமிடத்தில் காட்டைக் கடந்து ஓடி, பார்ன்ஸைக் கையெறி குண்டுகளால் வீழ்த்தவேண்டும்.

இதில் ஒரு புதுமை இருந்தது. அக்காலத்துப் போர் விளையாட்டுக்கள் பலவற்றில் திரையில் அசைவதெல்லாம் சுடுவதற்கே. இதிலோ ‘மன உறுதி’ என்றோர் அளவு உண்டு. ஊரின் குடிமக்களைச் சுட்டால் அது குறையும். முற்றிலும் குறைந்தால் ஆட்டம் முடிந்துவிடும். ஆக்கியோர் திரைப்படத்தின் மனச்சாட்சியைக் கொஞ்சமேனும் காப்பாற்ற எண்ணியிருக்கிறார்கள் என்பதை நாம் மறுக்கலாகாது. ஆயின் அந்த மனச்சாட்சி எவ்வுருவில் வந்தது? எண்ணாக வந்தது. ஆங்கிலம் அறியாத நாங்கள் இரண்டு நாளில் அதன் சூட்சுமத்தைப் புரிந்துகொண்டோம்: குடிசையிலிருந்து வருபவரைச் சுட்டால் நமக்கு நட்டம். ஆகையால் சுடாது விட்டோம். இறப்பவருக்கு நேரும் கேட்டைப் பற்றி எவரும் எண்ணவில்லை. எண்ணுவதற்கு அந்த விளையாட்டில் இடமும் இல்லை. தோட்டத்தில் வளர்ந்த எமக்கு இக்கணக்கு புதியதன்று. கொழுந்து நிறை குறைந்தால் ‘அரைப்பேர்’ போடுவார் கணக்கப்பிள்ளை. அன்று அவள் ஏன் குறைவாகப் பறித்தாள், காய்ச்சலா, கைக்குழந்தைக்கு நோயா என்று பேரேடு கேட்பதில்லை. ஒரு முழு மனுஷி அரையாகிப் போவாள். மனிதனை எண்ணாக்கும் கலையில் தோட்டத்துப் பேரேட்டுக்கும் அந்த விளையாட்டுக்கும் உறவு நெருக்கமானது.

அப்பாயி ஒருநாள் மாலை கொழுந்துக்கூடையை இறக்கி வைத்துவிட்டு எங்கள் பின்னால் வந்து நின்றார். நெடுநேரம் பார்த்தார். பிறகு கேட்டார்:

“யாருடா அது, அந்தக் குடிசையிலேருந்து வர்றவுக?”

“ஊர்க்காரங்க, அப்பாயி.”

“ஒளிஞ்சு ஒளிஞ்சு வர்றானே, அவன்?”

“அவன் எதிரி.”

“என்னத்துக்குடா எதிரி? அவுக ஊருல அவுக இருக்காக. துப்பாக்கியைத் தூக்கிக்கிட்டு ஊட்டுக்குள்ள பூந்தவன் இவன்தானே?”

நாங்கள் சிரித்தோம். கிழவிக்கு விளையாட்டுப் புரியவில்லை என்றான் பெரியப்பா மகன். ஆயின் எழுதப் படிக்கத் தெரியாத அப்பெண்மணி கேட்ட கேள்விக்கு விடை காண நான் பின்னாளில் நூலகங்களில் பல மாதங்கள் செலவிட நேர்ந்தது. வியட்நாமைப் பற்றிய வரலாறுகளைத் தேடிப் படிக்கையில், அந்த ‘எதிரி’ எங்கள் உறவினன் போலவே எனக்குத் தோன்றலானான்.

ஸ்டோன் பணியாற்றிய 25ஆம் காலாட்படைப் பிரிவின் தலைமை முகாம் கூ சி என்னும் இடத்தில் இருந்தது. விளையாட்டில் நாங்கள் இறங்கிய சுரங்கத்துக்கு மூலம், அங்கே ஊர் மக்களும் போராளிகளும் மண்வெட்டியாலும் கூடையாலும் அகழ்ந்த 200 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நிலவறை வழிகள். அப்பிரிவின் ஒரு பகுதி முகாமிட்டிருந்த டாவ் தியெங் எது தெரியுமா? பிரெஞ்சு மிஷெலின் நிறுவனத்தின் இரப்பர்த் தோட்டம்! 1920களில் அந்நிறுவனம் காடழித்து அமைத்த தோட்டங்களுக்கு, வடக்கே தொங்கிங் பகுதியின் பசித்த கிராமங்களிலிருந்து மூன்றாண்டு ஒப்பந்தத்தில் ஆட்களைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தார்கள். மலேரியாவும் மேற்பார்வையாளரின் தடியும் அவர்களைத் தின்றன. அவர்களுக்கு இட்ட பெயர் ‘கூலி’. வியட்நாமிய மொழியில் இன்றும் வழங்கும் அச்சொல் நம் தமிழ்க் கூலியோடு தொடர்புடையது என்பது அறிஞர் பலர் கருத்து. தமிழ் படித்தவன் என்ற முறையில், நம் மொழியிலிருந்து உலகம் கடன்கொண்ட சொற்களை எண்ணிப் பெருமிதம் கொள்ள நான் பயிற்றப்பட்டவன். இச்சொல்லைக் கண்டபோது பெருமிதம் வரவில்லை. தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து கங்காணியின் பின்னே கடல் கடந்து, மன்னார்க் காட்டு வழியில் நடந்து, மடிந்தவர் போக எஞ்சியோராய் இம்மலைகளுக்கு வந்த என் முன்னோரும் அச்சொல்லால்தான் அழைக்கப்பட்டனர்.

1930 பெப்ரவரியில், அதே மிஷெலினுக்குச் சொந்தமான பூ ரியெங் தோட்டத்தில் ஆயிரக்கணக்கான தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து சில நாட்கள் தோட்டத்தையே தம் கையில் வைத்திருந்தனர். பிரெஞ்சுப் படை வந்து ஒடுக்கிற்று. அதில் முன்னின்ற திரான் து பின் என்னும் தொழிலாளி பின்னாளில் அவ்வனுபவத்தை நூலாகச் சொன்னார். ஏறத்தாழப் பத்தாண்டு கழித்து நம் மலைகளில் நடந்ததை நினைவுகூர்க. 1940 சனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தில் கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிஸாரின் குண்டுக்குப் பலியானார். அதே ஆண்டு வேலைநிறுத்த அலை ஊவாவுக்குள் புகுந்தது. பதுளைக்கு அண்மையிலுள்ள வெவெஸ்ஸ தோட்டத்தில், சமசமாஜிகளின் தலைமையிலான சங்கத்தின் கீழ்த் தொழிலாளர் தமக்கெனத் தேர்தல் வழி ஒரு சபையை அமைத்தனர். அச்சபையைக் கலந்தே நிர்வாகம் செய்வதாகத் துரை ஒப்புக்கொள்ள நேர்ந்தது. அடக்க வந்த ஆயுதப் பொலிஸாரின் துப்பாக்கிகளைத் தொழிலாளர் பறித்துக்கொண்டனர்! பின்னர் அடக்குமுறையும், ஊவாவை நாட்டின் ஏனைய பகுதிகளிலிருந்து துண்டித்த பெருவெள்ளமும் சேர்ந்து அப்போராட்டத்தை முறித்தன.

ஹாலிஎலவின் பிள்ளைகள் எத்தனை பேருக்கு வெவெஸ்ஸ தெரியும்? பார்ன்ஸை வீழ்த்த வழி தெரிந்த அளவுக்கு, தம் பாட்டன் துப்பாக்கியைப் பறித்த கதை எமக்குத் தெரியாது. ஓர் இரப்பர்க் கூலியின் பேரனைச் சுடும்படி ஒரு தேயிலைக் கூலியின் பேரனைப் பயிற்ற, மன்செஸ்டரிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் புறக்கோட்டை வழியாக ஒரு மஞ்சள் கேசட் வந்துவிட்டது. இதை எவரும் திட்டமிடவில்லை. சந்தை தன் இயல்பில் செய்தது. ஆயினும் விளைவு அதுவே.

இவையெல்லாம் எங்கோ நடந்த போர் என்று சொல்லித் தப்பவும் எமக்கு இயலாது. நாங்கள் விளையாடிய நாட்களில் இந்நாட்டில் மெய்யான போர் நடந்துகொண்டிருந்தது. விளையாட்டுப் பெட்டியைக் கொண்டுவந்து தந்த மாமாவை, அடுத்த ஆண்டின் தொடக்கத்தில், தலைநகரில் அவர் தங்கியிருந்த விடுதியில் வைத்துப் பிடித்துச் சென்றனர். குற்றம் எதுவும் சாட்டப்படவில்லை. மூன்று கிழமை கழித்து விட்டனர். திரும்பி வந்தவர் எங்கள் பின்னால் அமர்ந்து திரையைப் பார்ப்பதை நிறுத்திக்கொண்டார். சுடும் ஒலி கேட்டால் எழுந்து இஸ்தோப்புக்குப் போய்விடுவார்.

அவ்வாண்டு ஒக்டோபர் 25ஆம் நாள், ஹாலிஎலவிலிருந்து இரயிலில் சில நிலையங்களே தொலைவிலுள்ள பண்டாரவளையின் பிந்துனுவெவவில், புனர்வாழ்வு முகாமில் இருந்த தமிழ் இளைஞரை ஒரு கும்பல் புகுந்து தாக்கிற்று. வெட்டியும் அடித்தும் எரித்தும் 25க்கும் மேற்பட்டோரைக் கொன்றனர். காவலுக்கு நின்ற பொலிஸார் தடுக்கவில்லை. அன்றிரவு எங்கள் லயத்தில் விளக்குகள் அணைக்கப்பட்டன. அம்மா தொலைக்காட்சியின் மேல் ஒரு போர்வையைப் போட்டு மூடினாள். குடிசைக்குள் இருப்பவன் யார், துப்பாக்கியோடு வருபவன் யார் என்னும் அப்பாயியின் கேள்வி அவ்விரவில் எமக்கு விளங்கிற்று. விளையாட்டில் நாங்கள் நின்ற இடம் வேறு. நாட்டில் எமக்கு விதிக்கப்பட்ட இடம் வேறு.

1968 மார்ச் 16இல் வியட்நாமின் மை லாய் ஊரில் அமெரிக்கப் படை கொன்ற கிராமத்தார் 504 பேர் என்று வியட்நாமியர் கணக்கிடுகின்றனர். அதற்காகத் தண்டிக்கப்பட்டவர் லெப்டினண்ட் கேலி ஒருவரே. ஆயுள் தண்டனை என்று தொடங்கிய அதுவும் சில ஆண்டு வீட்டுக்காவலாகக் கரைந்து போயிற்று. பிந்துனுவெவ வழக்கில் 2003இல் ஐவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2005இல் உயர் நீதிமன்றம் மேன்முறையீட்டில் தண்டிக்கப்பட்டோரை விடுவித்தது. அத்தனை உயிர்களுக்கும் இன்று பொறுப்பாளி எவரும் இல்லை.

ஒன்றை மறவாதிருப்போம். பார்ன்ஸ்களை உற்பத்தி செய்வது வறுமையும்தான். அமெரிக்காவில் கல்லூரிக்குப் போக வசதியுள்ளவன் கட்டாயப் படைச்சேவையைத் தள்ளிப்போட முடிந்தது. வசதியற்றவன் காட்டுக்குப் போனான். நம் நாட்டுப் போரிலும் சவப்பெட்டிகள் பெரும்பாலும் ஏழைச் சிங்களக் கிராமங்களுக்கே திரும்பின. அவற்றுள் ஊவாக் கிராமங்களும் அடங்கும். 1818இல் ஊவாக் கிளர்ச்சியை ஒடுக்கிய ஆங்கிலேயரால் ஊர்களும் வயல்களும் எரிக்கப்பட்ட உழவரின் வழிவந்தவர்கள் அவர்கள். எரிக்கப்பட்ட குடிசையின் வாரிசும் லயத்தின் வாரிசும் ஒருவரை ஒருவர் எதிரியாகக் காணும்படி செய்ததே நம் நாட்டு அரசியலின் கொடிய விளையாட்டு.

இன்று நான் பத்தாந்தரத்துக்குத் தமிழ் கற்பிக்கின்றேன். மஞ்சள் கேசட் காலம் மறைந்தது. மாணவர் கைபேசியில் ‘ஃப்ரீ ஃபயர்’ ஆடுகின்றனர். விளையாட்டின் வலிமையைப் படைகளே நன்கு அறிந்துள்ளன. அமெரிக்க இராணுவம் ஆள் சேர்ப்பதற்கென 2002இல் தானே ஒரு விளையாட்டை வெளியிட்டு இருபது ஆண்டுகள் நடத்திற்று. இதனைக் கண்டு ‘தடை செய்க’ என்று கூவுவது எளிது. அதனால் பயன் விளையாது. தடுத்தால் கழிவறைக்குப் பின்னால் ஆடுவார்கள்.

சென்ற தவணையில் புறநானூறு கற்பிக்கையில் கோவூர் கிழார் வரலாற்றுக்கு வந்தோம். பகைவன் மலையமானின் சிறு பிள்ளைகளை யானைக் காலில் இடறக் கிள்ளிவளவன் முனைந்த வேளையில், அப்புலவர் குறுக்கிட்டுக் காத்தார். மை லாயில் ஹெலிகொப்டரை ஊராருக்கும் தம் நாட்டுப் படைக்கும் இடையில் இறக்கிச் சிலரைக் காத்த ஹியூ தாம்சன் என்னும் விமானியைப் பற்றியும் சொன்னேன். அவர் நாடு அதற்காக அவருக்குப் பதக்கம் அளித்தது முப்பது ஆண்டுகள் கழித்து, 1998இல். பின்னர் என் இளமைக்கால விளையாட்டை விவரித்து, “அதில் சுட ஒரு விசை, குதிக்க ஒரு விசை இருந்தன. கோவூர் கிழாருக்கு எந்த விசை?” என்று கேட்டேன். வகுப்பு அமைதியாயிற்று. கடைசி வாங்கிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். “சேர், அதுல மன உறுதி குறைஞ்சா ஆட்டம் முடிஞ்சிரும்னீங்க. நிசத்துல சண்டை அப்படி முடியிறதில்லையே?” என்றாள். எந்தப் பாடநூலும் கேட்காத கேள்வி அது. குடிசையிலிருந்து வரும் உருவத்தின் வாயிலாக அதே கதையை எழுதி வரும்படி பணித்தேன். 31 கட்டுரைகள் வந்தன. பெரும்பாலானவற்றில் அந்த உருவம் ஒரு தாய். பலவற்றில் அவள் தலையில் கொழுந்துக்கூடை.

ஆசிரிய நண்பர்களே, மாணவத் தோழர்களே! எந்த விளையாட்டு எதிர்ப்பட்டாலும் மூன்று கேள்விகளைக் கேட்கப் பிள்ளைகளைப் பழக்குவோம். போர் நடப்பது யாருடைய ஊரில்? துப்பாக்கி யார் கையில்? சாகிறவருக்குப் பெயர் உண்டா? இம்மூன்றுக்கும் விடை தேடிய பிள்ளை அதன் பின்னரும் விளையாடலாம். ஆயின் அவன் கண் முன்போல் இராது. திரையில் இரண்டு நிமிடக் கெடுவாக ஓடும் நேபாம், 1972 சூன் 8ஆம் நாள் திராங் பாங் ஊரில் ஒன்பது வயதுச் சிறுமி கிம் ஃபுக்கின் தோலை எரித்த தீ என்பதை அவன் அறிவான்.

இன்னொன்றும் செய்தற்குரியது. நம் பாடசாலைகளில் இன்று கணினி கற்கும் பிள்ளைகள் இருக்கின்றனர். நாளை அவர்களே விளையாட்டுக்களை ஆக்குவோர் ஆகலாம். அவர்களுக்கு வெவெஸ்ஸவைச் சொல்லுங்கள், முல்லோயாவைச் சொல்லுங்கள், பிந்துனுவெவவை மறைக்காது சொல்லுங்கள். பூ ரியெங்கின் கூலியும் ஊவாவின் கூலியும் ஒரே பேரேட்டின் இரு பக்கங்கள் என்று சொல்லுங்கள். அவர்கள் ஆக்கப்போகும் விளையாட்டிலேனும் குடிசையிலிருந்து வெளியே வருபவருக்கு ஒரு பெயர் இருக்கட்டும்; கொலையைத் தடுக்க ஒரு விசையும் இருக்கட்டும்.